மவுஸில் கை வைத்தவர்

செப்டம்பர் 15

என் அன்பானவளுக்கு,

நான் நலம். அக்கா வீட்டில் நீங்கள் இருவரும் நலம் என்று நம்புகிறேன். போன் போட்டால் எடுப்பதில்லை, மின்னஞ்சல் அனுப்பினால் திறப்பதில்லை. கம்ப்யூட்டர் சங்கத்துத் தலைவனான நான் தபால்தலை வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் நம் சங்கத்துப் பிரிண்டர் மாமா. வீட்டில் நெட் இல்லையா என்று கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தேன்.

இந்த மாதக் கூட்டம் சனிக்கிழமை வழக்கம்போல நூலக மாடி அறையில் நடந்தது. அறுபத்திரண்டு பேரில் நாற்பது பேர் வந்தார்கள். பல் டாக்டர் தன் லேப்டாப் ஆமையாக ஊர்கிறது என்று தூக்கிக்கொண்டு வந்தார். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு பூனைக்குப் போதுமான முடி. பஸ் ஓட்டுகிற அம்மா, நீ சொல்லிக்கொடுத்தபடியே போட்டோக்களை வருஷவாரியாக அடுக்கிக் காட்டினார். உன் மேசை காலியாகத்தான் இருந்தது. அதில் யாரும் உட்காரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதச் செய்திமடல் போகவில்லை. உறுப்பினர் பட்டியலும் மடல் அனுப்புகிற கணக்கும் உன் பாஸ்வேர்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குள் பட்டியலைக் கொடுக்காவிட்டால் மாடி அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவோம் என்கிறார் நூலக அதிகாரி. பாஸ்வேர்டை ஒரு வரியில் எழுதி அனுப்பு. கோபம் தணிந்ததும் நீயும் வந்து சேர். ஒரு சின்ன விஷயத்தை இவ்வளவு பெரிதாக்காதே.

உன் வீட்டுக்காரன்


செப்டம்பர் 20

சங்கத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தேன்.

அந்தச் சின்ன விஷயம் எது என்று நீங்கள் எழுதவில்லை. மறந்திருக்கும். நானே எழுதுகிறேன்.

போன மாதம் நாம் பொதுமக்களுக்குக் கதவு திறந்த நாள். நாற்பது பேர் வந்திருந்தார்கள், முன்வரிசையில் நூலக அதிகாரி. அழிந்துபோன படங்களை மீட்பது எப்படி என்று தையற்காரம்மாவின் கேமரா கார்டை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் மகள் கல்யாணப் படங்கள். பாதி வந்துவிட்டன. திரை நின்றது. கார்டைப் படிக்கிறது, இரண்டு நிமிஷம் பொறுங்கள் என்று சொன்னேன். நீங்கள் பின்னாலிருந்து வந்து என் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கினீர்கள்.

"நகரு, உனக்கு இதெல்லாம் வராது" என்றீர்கள்.

அறை சிரித்தது. நீங்கள் டக் டக்கென்று நாலு தட்டுத் தட்டினீர்கள். கார்டில் உள்ளதையெல்லாம் அழித்து ஃபார்மட் செய்யவா என்று கேட்டதற்கும் ஆம் என்று தட்டினீர்கள். வந்த பாதியும் போயிற்று, வராத பாதியும் போயிற்று. கடைசியில் நன்றி சொல்லும்போது, டீ ஏற்பாடு என் மனைவி என்றீர்கள்.

அறைக் கதவுக்கு மேலே பதினோரு வருஷமாக ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. சொல்லிக்கொடுக்கிறவர் வாயால் சொல்லலாம், அடுத்தவர் மவுஸில் கை வைக்கக் கூடாது. வைத்தால் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டு, மூன்று கூட்டம் கடைசி வரிசையில் கற்றுக்கொள்கிறவராக உட்கார வேண்டும். எழுதியது நான், கையெழுத்துப் போட்டது நீங்கள். எலக்ட்ரீசியன் ஒருநாள் பல் டாக்டரின் மவுஸைத் தொட்டுவிட்டார் என்று அவரை நிற்க வைத்ததும் நீங்கள்தான். அந்த மனிதர் மூன்று மாதக் கூட்டமும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

வீட்டில் இருபத்திரண்டு வருஷமாக நகரு நகரு என்று கேட்டு நகர்ந்தே பழகிவிட்டேன். அடுப்படியில் நகர்ந்தேன், வங்கியில் நகர்ந்தேன். சங்கம் நான் கட்டியது. அங்கேயும் வந்து சொன்னதைப் பொறுக்க முடியாது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லுங்கள், கடைசி வரிசையில் உட்காருங்கள். அன்றைக்கே பாஸ்வேர்டு வரும்.

செயலாளர்


செப்டம்பர் 27

என் அன்பானவளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று சாப்பிடவே பிடிக்கவில்லை. இவ்வளவு நெஞ்சில் வைத்திருப்பாய் என்று நினைக்கவில்லை. திரை நின்றதும் பதற்றத்தில் கை போய்விட்டது, வேறொன்றும் இல்லை. வீட்டுக்கு வா, காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். ஆனால் புருஷன் பெண்டாட்டி விஷயத்தைச் சபைக்குக் கொண்டுபோகாதே. தலைவனே கடைசி வரிசையில் உட்கார்ந்தால் நாளைக்கு என் பேச்சை யார் மதிப்பார்கள்? அந்த எலக்ட்ரீசியன் சிரிக்கிற சிரிப்பை என்னால் தாங்க முடியாது.

பாஸ்வேர்டை நானே கண்டுபிடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நம் கல்யாண நாள், வீட்டு எண், உன் பிறந்த நாள் எல்லாம் போட்டுப் பார்த்தேன். பத்தாவது தடவை கணக்கு பூட்டிக்கொண்டுவிட்டது. உன் அக்கா பெயரைக்கூடப் போட்டேன்.

இன்னொன்று. போன கூட்டத்தில் எல்லாரும் உன்னை விசாரித்தார்கள். என்ன சொல்வது? உனக்கு நரம்புத் தளர்ச்சி, கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அக்கா வீட்டில் ஓய்வெடுக்கிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் நீயும் அப்படியே சொல்லிவிடு. நம் மானமும் போகாது.

உன் வீட்டுக்காரன்


அக்டோபர் 6

தலைவர் அவர்களுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் பார்த்தால் பதினேழு பேர், கையில் பழப் பைகளோடு. பஸ் ஓட்டுகிற அம்மா முன்னால் நின்றார். நரம்புத் தளர்ச்சிக்காரி ஈரப் போர்வையை முறுக்கிப் பிழிவதைப் பார்த்து அவர்கள் பழப் பைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள்.

நீங்கள் சொன்னபடி சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. என் கை நடுங்குகிறது, என்னால் திரையைப் பார்க்க முடியாது என்று நாற்பது பேரிடம் சொல்லியிருக்கிறீர்கள். மவுஸைப் பிடுங்கியது போதவில்லை, கையையே இல்லாமல் ஆக்கப் பார்த்தீர்கள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். தையற்காரம்மாவுக்குத்தான் கண் கலங்கியது. கார்டு பழையது, அதனால்தான் படங்கள் போயின என்று அவரிடம் சொன்னீர்களாமே. ஃபார்மட் செய்தது நீங்கள் என்று அவருக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

அக்கா டீ போட்டாள். பிரிண்டர் மாமா மெதுவாகத் தன் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, வந்ததுதான் வந்தோம் ஒரு சந்தேகம் என்றார். அப்புறம் எல்லார் பையிலிருந்தும் ஏதோ ஒன்று வெளியே வந்தது. இருட்டுகிறவரை யாரும் கிளம்பவில்லை. நீங்கள் சொன்ன பொய்தான் அவர்களை என் வாசலில் கொண்டுவந்து விட்டது. அதற்கு மட்டும் நன்றி.

கணக்கைத் திறந்து இந்த மாதச் செய்திமடலை அனுப்பிவிட்டேன். கடைசிப் பக்கத்தில் இந்த மாதத் தவறு என்ற பகுதி எப்போதும் உண்டல்லவா, தான் செய்த தப்பைத் தானே எழுதுகிற இடம்? பதினோரு வருஷத்தில் எல்லாரும் எழுதியாயிற்று, நீங்கள் மட்டும் எழுதியதில்லை. உங்களுக்காக இந்த முறை நான் எழுதிவிட்டேன். அதற்குக் கீழே, பதினொன்றாம் தேதி, பழைய கூட்டம் நடக்கும் அதே மூன்று மணிக்கு, அக்கா வீட்டு முன்னறையில் புதுச் சங்கத்தின் முதல் கூட்டம் என்று போட்டிருக்கிறேன்.

நீங்கள் கேட்ட பாஸ்வேர்டைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். பூட்டையும் எடுத்தாயிற்று. உள்ளே போய்ப் பாருங்கள்.

முன்னாள் செயலாளர்


அக்டோபர் 12

என் அன்பானவளுக்கு,

உள்ளே போய்ப் பார்த்தேன். செய்திமடலுக்கு வந்த பதில்களை எல்லாம் படித்தேன். ஐம்பத்தெட்டுப் பேர். இந்தச் சங்கத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள், அந்தச் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் விடாமல் எழுதியிருக்கிறார்கள். எலக்ட்ரீசியன் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். நான் உட்கார்ந்தேன், அவர் உட்காரவில்லை என்று.

நேற்று மாடி அறையைத் திறந்து நாற்பது நாற்காலி போட்டேன். மூன்றரை வரைக்கும் நாலு பேர். அதில் இருவர் வெயிலுக்கு ஒதுங்க வந்தவர்கள், சங்கமா என்று கேட்டார்கள். அந்த நாலு பேர் முன்னால் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். நிஜமாகவே கேட்டேன், சாட்சி வேண்டுமானால் அவர்களைக் கேள்.

உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். பதற்றம் எல்லாம் இல்லை. நீ சரியாகத்தான் செய்துகொண்டிருந்தாய், அது எனக்குத் தெரியும். ஒவ்வொரு கூட்டத்திலும் உன் மேசைக்கு வரிசை நிற்கும், என் மேசைக்கு யாரும் வரமாட்டார்கள். தலைவரே சௌக்கியமா என்று கேட்டுவிட்டு உன்னிடம் போய்விடுவார்கள். அன்றைக்கு அதிகாரி வேறு உன்னையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்கவில்லை, பிடுங்கிவிட்டேன்.

உன் புதுச் சங்கத்தில் என்னைக் கடைசி வரிசையில் உட்கார வை. மூன்று கூட்டம் என்ன, முப்பது கூட்டம் உட்காருகிறேன். தையற்காரம்மாவிடமும் நானே போய்ப் பேசுகிறேன். வீட்டில் இருக்க முடியவில்லை. யாருமில்லாத வீட்டில் நானே கொஞ்சம் நகர்ந்து நகர்ந்து நடக்கிறேன். எப்போது வருகிறாய்?

உன் வீட்டுக்காரன்


அக்டோபர் 16

வணக்கம்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரக்கம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. பதற்றத்தில் செய்திருந்தால் எப்போதாவது ஆறியிருக்கும். நான் சரியாகச் செய்கிறேன் என்று தெரிந்தேதான் பிடுங்கியதாக உங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். இத்தனை வருஷம் எனக்கு வராது, எனக்குத் தெரியாது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை தெரிந்தே சொன்னீர்களோ.

நாற்பது பேர் முன்னால் பிடுங்கிவிட்டு நாலு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டால் கணக்கு நேராகாது. கடைசி வரிசையில் உட்கார்ந்து சரிக்கட்டுவது பழைய சங்கத்து விதி. அதன்படி நடக்கத்தான் முதல் கடிதத்திலேயே கேட்டேன். அந்தச் சங்கம் இப்போது இல்லை. புதுச் சங்கத்தில் மவுஸில் கை வைத்தவருக்கு இடமே இல்லை என்று தீர்மானம் போட்டோம். முன்மொழிந்தவர் தையற்காரம்மா. ஐம்பத்தெட்டுப் பேரும் கை தூக்கினார்கள், நானும் தூக்கினேன். அவரிடம் போய்ப் பேச வேண்டாம், உங்கள் முகத்தைப் பார்க்க விருப்பமில்லை என்று சொல்லச் சொன்னார்.

உறுப்பினர் பட்டியலை நூலக அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். இருபதாம் தேதியிலிருந்து மாடி அறை எங்களுடையது. உங்கள் ப்ரொஜெக்டரும் இரண்டு நாற்காலியும் அங்கே இருக்கின்றன. அதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்போது வருகிறாய் என்று கேட்டிருந்தீர்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அக்காவும் நானும் வருகிறோம். என் துணிமணிகளையும் என் கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொண்டு போய்விடுவோம். ஒரு மணி நேரம்தான் ஆகும். அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இருக்க வேண்டாம். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.