ஆப்பிள் மரம் நின்ற இடம்

வேட்,

பக்கத்து வீட்டுக் கலீனின் வண்டியில் யுகாயா ஊர் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டேன். அடுப்பில் பீன்ஸ் சூப் இருக்கிறது. மதியம் கஞ்சா வளர்க்கும் உரிமத்துக்காக வேலியைப் பார்க்க அதிகாரி வருவார். கேட் சாவி ஆணியில் தொங்குகிறது.

நேற்று நீ ஆப்பிள் மரத்தை வெட்டியதும் கத்திவிட்டேன். "கஞ்சாச் செடி வேணும்னு நான் கேட்டனா? நம்ம கல்யாணத்தப்ப எங்கப்பா வச்ச மரம்டா அது!"

"நிழல்ல இது வளராது, லோர்னா," என்று மட்டும் சொல்லிவிட்டு நீ மண்ணைக் கொத்தினாய்.

காலையில் அங்கே போய் நின்றேன். பாத்தி முழுக்க வெயில். என் எலும்பு வலிக்கு மருந்து வளர்க்கத்தானே இத்தனையும்? அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

லோர்னா

பி.கு.: எரு மூட்டையைத் தனியாகத் தூக்காதே. ஒரு குழியை எனக்கு விட்டுவை. என்னால் குனிய முடியாது. நீ என்னைப் பிடித்துக்கொண்டால் நடுவேன்.