நேரம் காணாத பேச்சு

உம்முடைய மணி இப்போது என் சமையலறையில், மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஹோட்டல் வரவேற்பு மேசையில் இருக்குமே, மேலே உள்ள குமிழை உள்ளங்கையால் தட்டினால் "டிங்" என்று கத்துகிற மணி, அதேதான். இன்று காலை நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது வானொலியில் செய்தி போனது. அமெரிக்காவில் பிறக்கிற பிள்ளைகள் எல்லாரும் அமெரிக்கர் ஆகிவிட முடியாதாம். தாய் தகப்பனின் தாளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டுமாம். அப்படி ஓர் உத்தரவு, அதைப் பற்றி ஒரு வழக்கு. செய்தி வாசித்தவள் மழை வரும் என்று சொல்கிற குரலிலேயே இதையும் சொல்லிவிட்டு உதைபந்தாட்டத்துக்குப் போய்விட்டாள். நான் வெங்காயக் கையோடு போய் மணியில் ஓங்கி ஓர் அடி அடித்தேன். வானொலி தன்பாட்டில் பேசிக்கொண்டே இருந்தது.

நீர் இருந்திருந்தால் அந்த நிமிடமே தொலைபேசி அடித்திருக்கும். "கேட்டீரே? பதினாலாம் திருத்தத்திலயும் கை வைக்கிறாங்கள்!" என்று தொடங்கி, நான் "ஓம்" போட இடம் கொடுக்காமல் பொரிந்து தள்ளியிருப்பீர். இப்போது அந்தக் கோபம் முழுவதும் என் ஒருத்தியின் தலையில் விழுந்திருக்கிறது. தனியாகக் கோபப்படுவது எவ்வளவு களைப்பு என்பது நீர் போன பிறகுதான் தெரிகிறது.

நாங்கள் சந்தித்தது ஜெர்மனியில், ஹம் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில். இருவருமே வளர்ந்த பிறகு அறிமுகமான படியால் கடைசிவரை "நீர்" என்றே பேசிக்கொண்டோம். உருளைக்கிழங்குத் தோல் சீவுகிற நேரம் மற்றப் பெண்கள் நகையையும் நாடகத்தையும் பற்றிக் கதைப்பார்கள். நீர் மட்டும் அமெரிக்க அரசியல் யாப்பைப் பற்றிக் கதைப்பீர். கிளிநொச்சியில் உயர்தரத்துக்கு அரசறிவியல் படித்தபோது பிடித்த பைத்தியம். போர் உம்மைப் படிக்க விடவில்லை, பைத்தியம் மட்டும் உம்முடன் கப்பல் ஏறி வந்துவிட்டது. ஆண்டுகளை எப்போதும் மாற்றித்தான் சொல்வீர். ஒருமுறை அவர்களுடைய உள்நாட்டுப் போரையே பிரான்சுக்குக் கொண்டுபோய்விட்டீர். நான் சிரித்ததற்கு, "இடம் முக்கியமில்லையப்பா, விசயத்தைக் கேளும்" என்று சீறினீர்.

விசயம் உமக்கு எப்போதும் ஒன்றுதான். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அழகாக எழுதி வைத்தவனின் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்கள். அதைச் சொல்லும்போது உம்முடைய கத்தி உருளைக்கிழங்கில் பாதியைத் தோலோடு கொண்டுபோய்விடும். ஆனாலும் நீர் அந்த வசனத்தைத் தூக்கி எறியவில்லை. "எழுதினவனை விடும். எழுதினதைப் பிடியும்," என்பீர். கறுப்பு மனிதர்கள் அந்த நாட்டுக் குடிமக்களே ஆக முடியாது என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றமே ஒருகாலம் தீர்ப்புச் சொன்னதாம். பிறகு போர் நடந்து, அத்தனை பேர் செத்து, யாப்பில் ஒரு வசனம் ஏறியதாம். இங்கே பிறந்தவர் இந்த நாட்டவர், முடிந்தது கதை. பதினான்காம் திருத்தத்தின் முதல் வசனம். அதைச் சொல்லும்போது உம்முடைய குரல் தேவாரம் பாடுகிறவளின் குரலாக மாறிவிடும்.

அது ஏன் என்று எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. உம்முடைய தகப்பனார் மலைநாட்டில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளரின் லயத்து அறையில் பிறந்தவர். பிறந்த மண்ணின் குடிமகன் இல்லை என்று ஒரு சட்டம் அவரைச் சொன்னது. அந்த மண்ணை விட்டு வேறெங்கும் போயறியாத மனிதர், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமலே வன்னிக்கு வந்து காடு வெட்டினார். யாழ்ப்பாணத்தில் பிறந்த நான் பள்ளிக்கூடத்தில் அந்தச் சட்டத்தை ஒரு வரியாகப் பாடமாக்கி, சோதனையில் எழுதி, மறந்தும் போனவள். நீர் அதன் மடியில் வளர்ந்தவர். எங்கள் ஆட்கள் உரிமை உரிமை என்று மேடையில் முழங்கும்போதெல்லாம் நீர் என் காதில், "லயத்துச் சனத்துக்கு நடந்ததையும் ஒருக்காச் சொல்லச் சொல்லும் பாப்பம்," என்பீர். ஒருவரும் சொன்னதில்லை. எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

பிறகு உம்முடைய மகள் ஆரணி பிறந்தாள். ஹம்மில், ரயில் நிலையத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்து ஆஸ்பத்திரியில், ஒரு மழை நாளில். நான்தான் இடியப்பமும் சொதியும் கொண்டு வந்தேன். சில கிழமையில் பிள்ளைக்கு வெளிநாட்டார் அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. டுல்டுங். தங்குவதற்கான அனுமதி அது இல்லை. நாடுகடத்துவதை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம் என்று மட்டும் சொல்கிற தாள். அதில் உம்முடைய மகள் நாட்டைவிட்டு வெளியேறக் கடமைப்பட்டவள் என்று எழுதியிருந்தது. இந்த நாட்டுக்குள் ஒருநாளும் நுழையாத பிள்ளை, உள்ளேயே பிறந்த பிள்ளை, வெளியேற வேண்டுமாம். நீர் அலுவலகத்துக்குப் போய், பிள்ளையைக் கையில் தூக்கிக் காட்டி, உம்முடைய உடைந்த டொச் மொழியில் கேட்டீர். அதை வெளியே வந்து எனக்குத் தமிழில் சொன்னீர்: "எங்க போகச் சொல்லுறியள்? திரும்ப என்ர வயித்துக்குள்ளேயோ எண்டு கேட்டனான்." அந்த அதிகாரி அடுத்த டெர்மின், அதாவது வரவேண்டிய நாள், எப்போது என்று மட்டும் சொன்னாராம்.

அன்றைக்கு ரயிலில் வரும்போது நீர் அழவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "பேச்சைக் கேட்டு அழலாம். கதவைத் தட்டச் சட்டம் வேணும்," என்றீர். கனவைப் பற்றிப் பேசிய அந்தக் கறுப்புப் போதகரின் பேச்சைக் கேட்டு அத்தனை பேர் அழுதது உண்மைதான், ஆனால் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகுதானே வாக்குச்சாவடிக் கதவு திறந்தது என்றீர். எனக்கு அப்போது அதெல்லாம் பெரிய கதையாகத் தெரிந்தது. தட்டுவதற்கு உமக்கு அப்படி ஒரு வசனம் இந்த நாட்டில் இருக்கவில்லை. பிறகு சட்டம் மாறி, இங்கே பிறக்கிற பிள்ளைகளுக்கும் வழி வந்தது. அதிலும் தாய் தகப்பன் இத்தனை காலம் ஒழுங்கான விசாவில் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு வேலி. டுல்டுங்கில் இருந்த காலம் ஒரு காலமாகவே கணக்கில் வராது. வகுப்புப் பிள்ளைகள் ஹொலண்டுக்குச் சுற்றுலா போனபோது ஆரணி எல்லையைத் தாண்டக் கூடாது என்பதால் என் வீட்டில் இருந்து படம் கீறினாள். கடலைத்தான் கீறினாள், கடலைக் காணாமலே.

அந்த ஆண்டுதான் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டி. தலைப்பு, உலகை மாற்றிய உரைகள். நேரம் ஐந்து நிமிடம். நேரம் பார்க்கிறவள் நான், மேசையில் அந்த மணி. எல்லாத் தாய் தகப்பனும் இணையத்தில் ஒரே இடத்தில் தேடியிருக்க வேண்டும். நாலைந்து பிள்ளைகள் வரிசையாக வந்து ஒரே கனவைக் கண்டார்கள். ஆரணி மட்டும் வேறு பேச்சோடு வந்தாள். போர்க்களத்தில், செத்தவர்களைப் புதைத்த இடத்தில், அடிமைமுறையை ஒழித்த அந்த ஜனாதிபதி பேசியது. நீர் உருளைக்கிழங்குக்கும் ரயிலுக்கும் நடுவில் தமிழாக்கியது. முன்னுரையில் நீர் அடிமைமுறையை நீக்கிய பதின்மூன்றாம் திருத்தத்தைச் சேர்த்திருந்தீர். பிள்ளை அதைச் சொன்னதுமே முன்வரிசை அண்ணை ஒருவர் பக்கத்திலிருந்தவருக்கு இலங்கையின் பதின்மூன்றாம் திருத்தத்து மாகாணசபை பற்றி விளக்கத் தொடங்கிவிட்டார். எங்கள் ஆட்களுக்குப் பதின்மூன்று என்றால் அது ஒன்றுதான். பிள்ளை அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. மக்களுடைய ஆட்சி இந்தப் பூமியிலிருந்து அழிந்துபோகாது என்ற கடைசி வசனத்தைச் சொல்லி, கைகூப்பி, இறங்கிப் போனாள். நான் எச்சரிக்கை மணிகூட அடிக்க வேண்டி வரவில்லை.

முடிவு சொன்ன நடுவர் அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்தார். "பிள்ளை திறமாய்ப் பேசினவ. உச்சரிப்பு நல்லம். ஆனா நேரம் காணாது, அஞ்சு நிமிசம் வரேல்ல. புள்ளி குறைக்கத்தான் வேணும்."

நீர் எழும்பிவிட்டீர். "அண்ணை, அந்தப் பேச்சே அவ்வளவுதான்! அண்டைக்கு அவருக்கு முதல் ஒருத்தர் ரெண்டு மணித்தியாலம் பேசினவர். அவர் என்ன சொன்னவர் எண்டு இந்த மண்டபத்தில ஆருக்கும் தெரியுமோ?"

"அமெரிக்காவில எப்பிடியோ தெரியாது, தங்கச்சி. இது எங்கட போட்டி. விதி எல்லாருக்கும் ஒண்டுதான்."

"அப்ப நீட்டி முழக்கினால்தான் பேச்சோ?"

எனக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல், மெதுவாக, ஆனால் கேட்கட்டும் என்றே, "மலைநாட்டு ஆக்களெல்லே, வாய் நீளம்தான்," என்றது. நான் திரும்பிப் பார்த்தேன். என் ஊர்க்காரி, என் வீட்டில் சாப்பிட்டவள். "உங்கட வாய் மட்டும் என்ன கட்டையோ?" என்று கேட்டேன். அவள் கைப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினாள். பிறந்த நாடு தள்ளி, வந்த நாடு தள்ளி, கடைசியில் எங்கள் மண்டபத்துக்குள்ளும் உம்மைத் தள்ளி வைக்க ஒரு வரிசை இருந்தது. அந்த மனிதர்களோடு நான் இன்றைக்கும் பொங்கல் விழாவில் சிரித்துக் கதைக்கிறேன், உள்ளுக்குள் எரிந்துகொண்டு.

அதற்குப் பிறகு நடந்ததை இந்த ஊர் மறக்காது. பிரதம விருந்தினர் பேச எழும்பினார். தமிழின் தொன்மையில் தொடங்கி, கல்லையும் மண்ணையும் கடந்து, பிள்ளைகள் கதிரையில் தூங்கி விழுகிற வரைக்கும் போய்க்கொண்டிருந்தார். நீர் எழும்பி, சேலையைச் செருகி, மண்டபத்தின் நடுவழியே நேராக என் மேசைக்கு வந்தீர். நான் என்ன என்று கேட்கும் முன்னமே மணியைத் தூக்கி உள்ளங்கையில் வைத்து, அடித்தீர். டிங், டிங், டிங். விருந்தினர் வாயைத் திறந்தபடி நின்றார். "விதி எல்லாருக்கும் ஒண்டுதானே, அண்ணை," என்று நடுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மணியோடும் மகளோடும் வெளியே போய்விட்டீர். முதலில் சிரித்தது பிள்ளைகள்தான். நிர்வாகம் அடுத்த ஆண்டு வேறு மணி வாங்கியது.

பிறகு ஆரணிக்குப் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்ததைக் காட்டி ஒரு விசா கிடைத்தது. அவள் தாதியர் பயிற்சி முடித்து, இந்த நாட்டுக் கிழவர்களைத் தூக்கி இருத்தவும் தொடங்கிவிட்டாள். குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, அவள் யார் என்பதற்கு இலங்கைத் தாள் வேண்டும் என்றார்கள். அவளுடைய தாளுக்கு உம்முடைய தாள் வேண்டும். உம்முடைய தாளுக்கு உம்முடைய தகப்பனாரின் தாள் வேண்டும். அவரிடம் எந்த நாட்டின் தாள் இருந்தது? செத்துப்போன அந்த மனிதரை லயத்திலிருந்து எழுப்பி, பேத்திக்காகத் திரும்பவும் வரிசையில் நிறுத்தினார்கள். அலுவலகம் காத்திருக்கச் சொன்னது. உமக்கு வந்த நோய்க்குக் காத்திருக்கத் தெரியவில்லை. போன குளிர்காலத்தில், கதைக்கவே ஏலாமல் கிடந்தபோது, என் கையைப் பிடித்து நீர் கேட்டது ஒன்றுதான். "அவளின்ர தாள் என்னாச்சு?" நான் "வரும்" என்றேன். வேறு என்ன சொல்ல?

வந்தது. நீர் போய் அந்திரட்டிக் கிரியையும் முடிந்த பிறகு வந்தது. உம்முடைய இடத்தில் நான் அவளோடு நகரசபைக்குப் போனேன். ஒவ்வொருவரும் எழும்பி நின்று, இந்த நாட்டின் யாப்பையும் சட்டங்களையும் மதிப்பேன் என்று ஒரு வசனத்தை வாய்விட்டு வாசிக்க வேண்டும். ஆரணி தாளைப் பார்க்காமலே சொன்னாள், உம்மிடம் பாடமாக்கிப் பழகியவள். அதிகாரி நல்ல மனிதர், பொய் சொல்லக் கூடாது. பத்திரத்தை நீட்டி, கையைக் குலுக்கி, முகம் நிறையச் சிரித்து, "ஜெர்மனிக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம்," என்றார். அந்தப் பத்திரத்திலேயே பிறந்த இடம் ஹம் என்று இருந்தது.

ஆரணி கையை விடவில்லை. சிரிக்கவும் இல்லை. பிள்ளைக்கு உம்முடைய தாடை. நேராக அவருடைய கண்ணைப் பார்த்து, உரத்து, தெளிவான டொச்சில் சொன்னாள்: "நான் இங்கேதான் பிறந்தேன்."

அவர் குனிந்து பத்திரத்தைப் பார்த்தார். காது சிவந்து போனது. அவள் வந்து என் பக்கத்தில் இருந்தாள். நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று மாலை அவள் இந்த மணியைக் கொண்டுவந்து, "அம்மாவின்ர. நீங்கள் வச்சிருங்கோ, அன்ரி," என்று தந்தாள். உம்முடைய கோபத்தையும் சேர்த்துத்தான் வாங்கி வைத்திருக்கிறேன். இன்றைக்கு வானொலிக்கு அடித்தேன், நாளைக்கு வேறு யாருக்கும் அடிக்க வேண்டி வரலாம். அதைச் செய்வேன். ஆனால் நீர் கேட்டுவிட்டுப் போயிருக்க வேண்டிய பேச்சு நகரசபையில் கேட்டதுதான். உம்முடைய மகள் இந்த நாட்டில் பேசியது, ஒரே ஒரு வசனம். நேரம் காணாது என்று இனி யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.