எனக்காக நீ விசாரித்த ஊர்கள்

இன்று மதியம் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்குக் கண் பரிசோதனைக்காக ஒரு பெரியவர் வந்தார். நாற்காலியில் உட்காரவைத்து, அவர் மூக்கின் மேல் சோதனைக் கண்ணாடியைப் பொருத்தக் குனிந்தபோது பிடரியிலிருந்து அந்த வாசனை வந்தது. குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் பலகையில் உட்காரவைத்துத் தேய்த்துவிடுவார்களே, அந்த எண்ணெய். "குற்றாலம் போயிருந்தீங்களா?" என்று என்னையறியாமல் தமிழில் கேட்டுவிட்டேன். மலையாளிதான், ஆனாலும் புரிந்துகொண்டு, நேற்றுத்தான் திரும்பியதாகச் சொன்னார். எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்லிவிட்டு நான் மனசுக்குள் உன்னோடு பேசத் தொடங்கிவிட்டேன். அவர் கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்து, அடுத்து என்ன என்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீ வேலை பார்த்த லாட்ஜின் வரவேற்பறையில் எப்போதும் அந்த வாசனைதான். எண்ணெய் வழிய வழிய ஆட்கள் உன் மேசையைத் தாண்டி அருவிக்குப் போவார்கள், நனைந்து நடுங்கித் திரும்பி வருவார்கள். நீ அவர்களிடம் அறைச் சாவியைச் சும்மா கொடுத்ததே இல்லை. எந்த ஊர், வீட்டில் எத்தனை பேர், அந்த ஊரில் மீனை எப்படிச் சமைப்பார்கள் என்று ஏதாவது ஒன்றைக் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பாய். சின்ன வயதிலேயே இதயத்தில் வால்வு கெட்டுப்போனவள் நீ. இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் ஓடியபோது நீ மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தாய். ஊர் ஊராகப் போக உன்னால் முடியாது. அதனால் உன்னிடம் வருகிற ஊர்களை எல்லாம் நீ கேட்டே தெரிந்துகொண்டாய்.

நான் என்னைப் பற்றி முதன்முதலில் சொன்னதும் அந்த மேசைக்கு முன்னால்தான். சீசன் முடிந்து லாட்ஜ் காலியாகக் கிடந்த ஒரு மதியம். எனக்கு அப்போது பெண் பெயர். தென்காசியில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. ஆணாக வாழ வேண்டும், அதற்கான சிகிச்சையை ஆரம்பிக்கப் போகிறேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுவாய், அல்லது ஆறுதல் சொல்வாய் என்று நினைத்தேன். நீ கேள்விதான் கேட்டாய்.

"அப்போ நான் இத்தன வருசமா உன்னய ஏட்டின்னு கூப்பிட்டது உனக்கு எப்படிலே இருந்துச்சு?"

ஒரே கேள்விக்குள் பெண்ணைக் கூப்பிடுகிற 'ஏட்டி' முடிந்து, ஆணைக் கூப்பிடுகிற 'லே' தொடங்கிவிட்டதை நீ கவனித்தாயோ என்னவோ. நான் கவனித்தேன். "செருப்பு மாத்திப் போட்ட மாதிரி இருந்துச்சு" என்றேன். "சவத்த, அதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்றாய். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட உன் வாய் தவறவில்லை.

வீட்டில் அப்படி நடக்கவில்லை. அப்பா பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் டெம்போ ஓட்டுகிறவர். வீட்டுக்கும் சந்தைக்கும் நடுவே உலகத்தை வைத்திருந்த மனுஷன். நான் சொன்னதைக் கேட்டு அவர் கத்தவில்லை. "எங்கயாவது போயி என்னமும் ஆகு. இங்கன வேண்டாம்" என்றார். அதோடு பேச்சு நின்றது. அம்மா இருந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்குமா என்று அப்போது அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அப்பா சொன்னதை உன்னிடம் வந்து அப்படியே சொன்னேன். நீ, "எங்கயாவதுன்னு ஒரு ஊரு கெடையாதுலே. எந்த ஊருன்னு பாப்போம்" என்றாய்.

அந்த வருடத்துச் சாரல் காலம் முழுவதும் உன் விசாரணை நடந்தது. எனக்குக் குரல் உடையும், முகத்தில் முடி வரும், கொஞ்ச காலம் பார்க்கிறவர்களுக்கு நான் என்னவென்று பிடிபடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் காலத்தைக் கழிக்க ஒரு ஊர் வேண்டும். வந்து தங்கியவர்களிடம் எல்லாம் நீ ஒரே கேள்வியைக் கேட்டாய்: "உங்க ஊர்ல வாடகைக்கு வீடு கேட்டுப் போனா மொதல்ல என்ன கேப்பாவ?" ஒருவர் அட்வான்ஸ் என்றார். ஒருவர் சைவமா அசைவமா என்று கேட்பார்கள் என்றார். ஒரு அம்மாள் குரலைத் தாழ்த்தி, என்ன ஆட்கள் என்றுதான் முதல் கேள்வி என்றாராம். கொல்லத்திலிருந்து வந்தவர் மட்டும், நாங்கள் எதுவும் கேட்பதற்கு முன்னால் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவோம் என்றாராம். மாலையில் நான் வேலை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் அவரவர் குரலிலேயே நடித்துக் காட்டுவாய். சிரித்துச் சிரித்து உனக்கு மூச்சு வாங்கும்.

கோயம்புத்தூருக்கு நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். மரியாதையான ஊர். வீட்டுக்காரர் மரியாதையாகவே காப்பி கொடுத்து, மரியாதையாகவே மறுத்தார். சென்னை எனக்குப் பிடித்திருந்தது. என்னைப் போன்றவர்கள் சிலரை அங்கேதான் முதலில் பார்த்தேன். மின்சார ரயிலில் என்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று அங்கிருந்தே உற்சாகமாகப் போன் செய்தேன்.

"யாரும் பாக்கலங்கதும் வாங்கன்னு சொல்லுததும் ஒண்ணாலே?" என்று கேட்டாய்.

சிலருக்கு யாரும் பார்க்காமலிருப்பதே போதும். எனக்குப் போதுமா என்று நீ கேட்ட பிறகுதான் யோசித்தேன்.

அப்புறம் உன் நெஞ்சைக் காட்டுவதற்காகத் திருவனந்தபுரம் போனோம். நீ, உன் அம்மா, நான். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறியபோது நீ ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவே இல்லை. உன் அம்மா புனலூரில் பிறந்தவர், அதனால் மலையாளம் உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆஸ்பத்திரி கேன்டீனில் பரிமாறுகிற இரண்டு பெண்கள் என்னைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டார்கள். என் குரல் அப்போது உடையத் தொடங்கியிருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, கண்கள் விரிய என் பக்கம் திரும்பினாய்.

"ஏலே, கவனிச்சியா? நம்ம பேச்சுல ஒண்ணு வந்தான்னு சொல்லணும், இல்லன்னா வந்தாள்னு சொல்லணும். ஒருத்தரப் பத்திப் பேசணும்னா அவரு ஆம்பளையா பொம்பளையான்னு முடிவு பண்ணிட்டுத்தான் வாயத் தொறக்க முடியும். இவுகளுக்கு 'வந்நு' மட்டும்தான். அவனும் வந்நு, அவளும் வந்நு. உன்னய என்னன்னு முடிவு பண்ணாமலே உன்னயப் பத்தி அரை மணி நேரம் பேசுதாவ!"

"என்ன பேசுதாவ?"

"சோறு வச்சா திங்க மாட்டேங்குன்னு பேசுதாவ. தின்னு."

அவன், அவள் எல்லாம் மலையாளத்திலும் உண்டு என்று உன் அம்மா திருத்தினார். "இருக்கட்டும்மா, ஒவ்வொரு வார்த்தையோட வாலுலயும் இல்லைல்லா" என்றாய். அந்த வாரமே எனக்கு வீடு தேட ஆரம்பித்தாய், உன் பரிசோதனை முடிவுகள் வருவதற்கு முன்னாலேயே.

நாம் போய் நின்ற ஒரு வீட்டில், கீழ்த்தளத்தில் பள்ளிச் சீருடை தைக்கிற பெண்மணி இருந்தார். மாடி அறை காலியாக இருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்குப் பழகிய பார்வைதான், திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அவர் வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டுக் கேட்டார்: "எந்தா விளிக்கேண்டது?" எப்படிக் கூப்பிட வேண்டும் என்று. அதுவரை எந்த ஊரிலும் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. கதிர் என்றேன். நாம் இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுத்து, உன் வாயில் மட்டும் புழங்கிய பெயர். "கதிரே, முகளில் வெயிலாணு கேட்டோ" என்று மாடி சூடாக இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சாவியை நீட்டினார். படி இறங்கும்போது நீ என் முதுகில் அடித்த அடி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அங்கேயே ஒரு கண்ணாடிக் கடையில் வேலையும் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போன் செய்வாய். "பேசு, இன்னிக்குச் சத்தம் எப்படி இருக்குன்னு பாப்போம்" என்பாய். மீசை எந்தப் பக்கம் முதலில் வந்தது, அழுகை முன்னைப் போல் வருகிறதா, கனவில் நான் யாராக வருகிறேன் என்றெல்லாம் கேட்பாய். வேறு யார் கேட்டிருந்தாலும் கோபம் வந்திருக்கும். நீ கேட்டபோது, எனக்கே அதெல்லாம் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

உனக்கு அறுவை சிகிச்சை அதே ஊரில் நடந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து உன்னை மாற்றிய மறுநாள் சாயங்காலம் ஃபிளாஸ்கில் கஞ்சியோடு பெண்கள் வார்டுக்கு வந்தேன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நீ படுத்த ஒவ்வொரு ஆஸ்பத்திரிப் படுக்கைக்குப் பக்கத்திலும் நான் இருந்திருக்கிறேன். வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தார். "ஆணுங்களை அகத்து விடில்ல, சேட்டா." ஆண்களை உள்ளே விட மாட்டார்களாம். நான் ஃபிளாஸ்கைப் பிடித்தபடி நின்றேன். அவரைத் தள்ளிவிட்டு உன்னிடம் ஓடத் தோன்றியது. அதே நேரத்தில் அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்கும் என்று உன்னிடம்தான் கேட்க வேண்டும். உன் அம்மா வெளியே வந்து கஞ்சியை வாங்கிக்கொண்டு உள்ளே போய், போனை உன் காதில் வைத்தார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"சிரிக்க வைக்காதலே, தையல் பிரிஞ்சிரும்" என்றாய். சிரித்தாய். வலியில் முனகிவிட்டு மறுபடியும் சிரித்தாய்.

அதற்குப் பின் கிடைத்த காலம் நல்ல காலம். உனக்குள் வைத்த உலோக வால்வு அமைதியான அறையில் கடிகாரம் போல் டிக் டிக் என்று கேட்கும். என்னைக் கேட்கச் சொல்லி, "உனக்குப் புதுச் சத்தம், எனக்கும் புதுச் சத்தம்" என்றாய். மறுபடி லாட்ஜுக்கு வேலைக்குப் போனாய். ஒரு நாள் காலையில் உன் அம்மா போன் செய்தார். வால்வில் ரத்தம் கட்டிக்கொண்டதாம். தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாம்.

மீசையோடு, பகல் வெளிச்சத்தில், நான் ஊருக்குள் வந்தது அன்றுதான். உன் வீட்டுக்கு உள்ளே பெண்கள் உன்னைச் சுற்றி இருந்தார்கள். வெளியே பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கேட்டிலேயே நின்றேன். நாற்காலி ஒன்றில் என் அப்பா உட்கார்ந்திருந்தார். உன் அம்மா என்னைப் பார்த்துவிட்டார். அருகிலிருந்த பெண் அவரிடம், யார் அது என்று கேட்டது என் காதிலும் விழுந்தது.

"அவ கூட்டுக்காரன், சின்னதுல இருந்தே சிநேகம். திருவனந்தபுரத்துல இருந்து வந்திருக்கான். உள்ள விடுங்க, அவன் பாக்கட்டும்."

உன்னைப் பார்த்தேன். அந்த அறை அமைதியாக இருந்தது. காதைத் தீட்டிக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை.

உன்னைத் தூக்கும் நேரத்தில் உன் அப்பா என்னைத் தேடி வந்து தோள் கொடுக்கச் சொன்னார். நான் பின்பக்கம் இடது தோளில் தாங்கினேன். சுடுகாட்டிலிருந்து ஆண்கள் எல்லோரும் சிற்றாற்றுக்குக் குளிக்கப் போனோம். மற்றவர்கள் சட்டையைக் கழற்றினார்கள். நான் சட்டையோடு இறங்கினேன். என் அப்பா பக்கத்தில் வந்து இடுப்பளவு தண்ணீரில் நின்றார். மலையைப் பார்த்தபடி கேட்டார்.

"அந்தூர்ல சோறு எப்படி? செவப்புக் கொட்ட அரிசியா?"

"ஆமாப்பா. பழகிட்டு."

"வயித்துக்கு ஒத்துக்கிடுதா?"

"ஒத்துக்கிடுது."

அதற்குப் பிறகு அவரும் போன் செய்கிறார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். ஊரைப் பற்றித்தான் கேட்பார். மழை எப்போது பிடிக்கும், தக்காளி எங்கிருந்து வருகிறது, கீழ்வீட்டு அம்மா எப்படி, கடல் எவ்வளவு தூரம். நான் ஒவ்வொன்றுக்கும் விவரமாகப் பதில் சொல்கிறேன். தெரியாவிட்டால் போய் விசாரித்துவிட்டுச் சொல்கிறேன். யாரிடமும் எதையும் கேட்கக் கூச்சப்படுகிறவனாக இருந்தேன், உனக்குத் தெரியுமே. இப்போது தெருவில் முன்பின் தெரியாதவர்களை நிறுத்திக் கேட்கிறேன். உன்னிடமிருந்து என்னோடு வந்தது அதுதான்.

போன வாரம் அப்பா புதிதாக ஒன்று கேட்டார். சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அவர் லைன் சரியில்லை என்று நினைத்து மறுபடியும் சத்தமாகக் கேட்டார்.

"ஸ்டேண்டுல எறங்கி உன் வீட்டுக்கு எந்த பஸ்ல ஏறணும்?"