தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்

17 டிசம்பர் 1984, திங்கள்

விடாத மழை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. விடியற்காலை ஆள்கணக்குப் பெரட்டுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியாயிற்று. தோட்ட ஆபீசில் பாதி நேரம் கணக்கு வேலை, பாதி நேரம் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தல். தண்ணீர் இன்னும் கரைக்குள்தான். பாலத்தருகே மட்டும் சிவப்பாகச் சுழல்கிறது.

மகள் மாலதி காலையில் இரண்டு இட்லி. மத்தியானம் ஒன்றுமில்லை. கால் வீக்கம். நேற்றைவிட அதிகமா, என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறதா? அவள் செருப்பு ஏறவில்லை. என் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறாள்.

மகளுக்கு ஒன்பதாம் மாதம். ஜனவரி நடுவில் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னும் அத்தனை நாள் நான் தாங்க வேண்டும்.

ஆயாக்கொட்டகை மாரியாயியைக் கூப்பிட்டுக் காட்டினேன். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள்.

"தலைச்சனுக்கு அப்படித்தான் கிராணியாரே. சுடுதண்ணில உப்புப் போட்டு காலை வைக்கச் சொல்லுங்க."

"நீ பிரசவம் பாத்திருக்கியா?"

"பாக்கறதென்ன, நானே ஏழு பெத்திருக்கேன் லா."

இது ஒரு பதிலா? இருந்தும் உப்புத் தண்ணீர் வைத்தேன்.

வாங்க: தைலம், மண்ணெண்ணெய், டார்ச் பேட்டரி. கிழிக்கப் பழைய வேட்டி இருக்கிறது. எதற்குக் கிழிப்பது என்று தெரியாது. மனைவி கமலம் உயிரோடு இருந்தபோது கிழித்து வைப்பாள் என்று மட்டும் ஞாபகம்.

19 டிசம்பர், புதன்

மழை குறைவு. குளிர்.

நானே இழுத்துக்கொண்ட வம்பு. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

தீபாவளி கழித்து ரவாங்கில் மாலதிக்கு வளைகாப்பு. கமலம் போய் ஓராண்டு முடியவில்லை, எங்கள் வீட்டில் நல்ல காரியம் கூடாது என்பதால் மாப்பிள்ளை வீட்டிலேயே வைத்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில், முப்பது பேர் நடுவில், சம்பந்தியம்மா ஆரம்பித்தார்.

"தாயில்லாத வீட்டுக்கு எப்படி சம்பந்தி அனுப்பறது? பிரசவத்த இங்கயே வச்சுக்கலாம்."

நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். இப்போது தோன்றுகிறது. அன்று எனக்குக் கேட்டது, "உன் வீடு முடிந்துபோன வீடு" என்பதுபோல. எச்சில் இலையை மடித்துவிட்டு எழுந்து சொன்னேன்: "தலைப்பிரசவம் தாய்வீட்டில். அதுதான் முறை. என் மனைவி செத்திருக்கலாம். முறை சாகவில்லை."

பந்தியில் இரண்டு கிழவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர், "கிராணியார் பேச்சுன்னா பேச்சு" என்றார். ஒரு வாரம் அந்தப் பெருமையில் நடந்தேன்.

பெருமை தீர்ந்தது. மகள் மிச்சம். தோட்டத்துப் பெரிய கிராணி, தலைமைக் கணக்கன், சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவன், முன்னூறு பேர் கணக்கைத் தலையில் வைத்திருப்பவன். ஒரு பெண்ணின் வீங்கிய காலைப் பார்த்தால் கை கால் ஓடவில்லை.

21 டிசம்பர், வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. துணி காயவில்லை.

இன்று ஆபீசில் உதவி மானேஜர், எனக்கு மகன் இருந்தால் அவன் வயது, "மிஸ்டர் வேலாயுதம், மாதக் கணக்கு முடியும்வரை லீவு பற்றிப் பேசாதீர்கள்" என்றான். அவனுக்குச் செக்ரோல் என்கிற கூலிக் கணக்கை எழுதக் கற்றுக்கொடுத்ததே நான். அந்த நாற்காலிக்கு என் பெயர் இரண்டு முறை போனது. இரண்டு முறையும் தலைமை அலுவலகத்தில் யார் தடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

மாலதி தலைவலி என்றாள். தைலம் தேய்த்தேன். "சும்மா இருங்கப்பா, ஒண்ணுமில்ல" என்றாள். ஒன்றுமில்லை என்றால் ஏன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்?

தோட்டத்து மருந்தகத்து டிரசர் சாமுவேல், எங்களுக்கு வைத்தியம் பார்ப்பவன். பெயரை எழுதியே மாதங்கள் ஆகின்றன. மருந்தகம் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி அங்கே இருக்கிறது. போகமாட்டேன்.

பிப்ரவரியில் கமலத்துக்கு நெஞ்சுவலி. நான் ஆடிட் வேலையில் ஆபீசில். சாமுவேல் வந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னது: "வாயு, வேலு. வெள்ளை மருந்து குடுத்திருக்கேன்." இருபது வருட நண்பன். நம்பினேன். மறுநாள் விடியற்காலை கமலம் எழுந்திருக்கவில்லை. வாயு!

தலைமை அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை. இழவு வீட்டில் துக்கம் கேட்கக் கையை நீட்டினான். நான் என் கைகளை மேல்துண்டுக்குள் வைத்துக்கொண்டேன். அதோடு சரி.

ஜூனில் கமலத்தின் சாம்பலோடு கடல் தாண்டி இராமேஸ்வரம். தனியாக. சாமுவேல் வயிற்றுக்கு மாத்திரை கட்டிக்கொடுத்து மாலதியிடம் அனுப்பினான். விமான நிலையத்தில் குப்பையில் போட்டேன். மதுரையில் நாலு நாள் வயிற்றுப்போக்கு, லாட்ஜ் பையன் இளநீர் வாங்கிவந்து கொடுத்தான், பிழைத்தேன். நாமக்கல் பக்கம் அப்பாவின் ஊரில் பெரியப்பா மகன்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். கடலில் சாம்பலைக் கரைத்தபோது அலை முழங்காலில் அடித்து விழுந்தேன். எழுந்ததும் அபத்தமாக ஒரு நினைப்பு: இதைச் சாமுவேலிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பான்.

அந்த நினைப்புக்காகவும் அவன்மேல் கோபம்.

25 டிசம்பர், செவ்வாய்

மீண்டும் மழை. ஆற்றில் வாழைமரம் ஒன்று மிதந்து போனது.

ஆபீஸ் மூடல். மத்தியானம் சமையலறையில் ஒரு தட்டு: முறுக்கு, அதிரசம், கேக் துண்டு. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் சாமுவேல் வீட்டிலிருந்து வரும் அதே தட்டு.

"யார் வாங்கினது?"

மாலதி தட்டை மூடினாள். மாரியாயிதான், பாத்திரம் தேய்த்துக்கொண்டே: "டிரசரு ஐயா குடுத்துட்டுப் போனாரு. அவருதான் வாரா வாரம் வந்து பாப்பாவ பாக்கறாரே. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. நான் ஆபீஸ் போனதும் வருகிறானாம். தோட்டமே அறிந்த விஷயம், பெரிய கிராணிக்கு மட்டும் தெரியாது.

கத்தினேன். மாலதி அழவில்லை. "நீங்க ஒரு வார்த்த கேட்டா பத்து வார்த்த ஏசுவீங்கப்பா. அவரு கேட்டா கேட்டதோட விடுவாரு" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "எதிர்ல ஈ பறக்கற மாதிரி இருக்கு" என்றாள்.

வீட்டில் ஈ இல்லை.

முறுக்கை நான் தொடவில்லை. தட்டைத் தூக்கி எறியவும் இல்லை. பயம் வந்தால் கோபம்கூட முழுதாக வருவதில்லை.

27 டிசம்பர், வியாழன். கிள்ளான், ஆஸ்பத்திரி வராந்தா

பென்சிலில் எழுதுகிறேன். எழுதாவிட்டால் நடந்துகொண்டே இருப்பேன்.

காலை ஆபீசுக்குப் போவதுபோல் கிளம்பி, பாதி வழியில் திரும்பினேன். நினைத்தபடியே சாமுவேல் என் வீட்டு வாசலில். மழைக்கோட்டுடன். பத்து மாதத்தில் இத்தனை அருகில் பார்க்கவில்லை. மீசை முழுக்க நரை.

"வெளியே போடா."

"திட்டறத அப்பறம் திட்டு, வேலு. பிள்ளைக்கு பிரஷர் மேல போயிருச்சு. மூத்திரத்தக் காய்ச்சிப் பாத்தேன், பால் திரிஞ்ச மாதிரி திரியுது. இன்னிக்கே கிள்ளான் கொண்டு போகணும். நாளைக்கு இல்ல, இன்னிக்கு."

"உன் பேச்ச கேட்டு ஒருத்திய எரிச்சாச்சு."

"ஆமா. அதனாலதான் கெஞ்சறேன்."

கமலத்தின் நாளில் இவன் இப்படிக் கெஞ்சவில்லை. நின்று யோசித்தேன். இவன் சொல்வது தப்பானால் நிறைமாதப் பெண்ணை வெள்ளத்தில் வண்டியேற்றி இழுத்துப்போய், வழியிலேயே ஏதாவது ஆகும். சரியானால், நான் வாசலில் நின்று தகராறு செய்யும் நேரம் அவள் உயிரில் கழிகிறது. இரண்டு பக்கமும் மாலதி. நடுவில் நான், குடையைக்கூட மடிக்காமல்.

உள்ளே பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முகம் உப்பி, வேறு யாரோபோல். "அப்பா, உங்கள ரெண்டு ரெண்டா தெரியுது" என்றாள்.

மானேஜரின் லேண்ட்ரோவரைக் கேட்டு ஓடினேன். உதவி மானேஜர் சாவியைத் தேடினான், தேடினான். அவனை வாழ்நாளில் மறக்கமாட்டேன். இஜோக் பாதையில் இடுப்பளவு தண்ணீர் என்றார்கள். தோட்டத்து டிரைவர் ஓட்ட, கோலசிலாங்கூர், ஜெராம் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தோம். பின்சீட்டில் மாலதியின் தலை சாமுவேலின் மடியில். பல்லுக்கிடையில் வைக்க ஒரு கரண்டியில் துணி சுற்றித் தயாராக வைத்திருந்தான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. தெரியும்.

வழி முழுக்க ஒரே பேச்சு அவனிடமிருந்து: "பாப்பா, தூங்காத. எனக்குக் கதை சொல்லு. உங்கப்பன் மதுரையில கக்கூசுக்கு ஓடுன கதைய சொல்லு."

எல்லாம் அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். அவள் சிரித்த சத்தம் கேட்டது. சாலை எனக்குத் தெரியவில்லை.

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ரவாங்குக்குப் போன் செய்தாயிற்று. மாப்பிள்ளை முரளி தொழிற்சாலையிலிருந்து நேரே வருகிறான். எழுந்து எழுந்து கதவருகே போகிறேன். மலாய் நர்ஸ், "பாச்சிக், டுடோக் டுலு" என்று உட்காரச் சொல்கிறாள். உட்காருகிறேன். மறுபடி எழுகிறேன்.

சாமுவேல் பெஞ்சின் மறுகோடியில். உதடு அசைகிறது. ஜெபமாக இருக்கும். எனக்கு ஒரு தேவாரமும் வாயில் வரவில்லை. கமலம், நீ பார்த்துக்கொள். வேறு யாரிடம் சொல்வது.

28 டிசம்பர், வெள்ளி

வயிற்றைக் கீறி எடுத்தார்கள். பெண். கோழிக்குஞ்சு அளவு. கண்ணாடிப் பெட்டியில்.

டாக்டர்: இன்னும் ஒரு நாள் வீட்டில் வைத்திருந்தால் வலிப்பு, அதற்குமேல் சொல்வதற்கில்லை.

மாலதிக்கு இன்னும் அழுத்தம் இறங்கவில்லை. மயக்கம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இமை அசைகிறது.

சம்பந்தியம்மா வந்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னால் சண்டை போடலாம், சற்று ஆறுதலாக இருக்கும். பாழாய்ப்போன மனுஷி, என் பக்கத்தில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்து, "காப்பி குடிங்க சம்பந்தி, முகமே செத்துக்கெடக்கு" என்றார்.

29 டிசம்பர், சனி

கண் திறந்தாள். தண்ணீர் கேட்டாள். அழுத்தம் இறங்கத் தொடங்கியிருக்கிறது. இன்னும் கவனிக்க வேண்டும் என்கிறார்கள்.

சம்பந்தியம்மாவிடம் நானே சொன்னேன்: "ஆஸ்பத்திரியிலிருந்து ரவாங்குக்கே கூட்டிப் போங்க. தாயும் பிள்ளையும் தேறட்டும்." முறை கிடக்கட்டும். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

பேத்தியைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மூச்சு விடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். விடுகிறது. மறுபடி பார்த்தேன்.

30 டிசம்பர், ஞாயிறு

மழை இல்லை. மாதக் கணக்குக்கு நாளைக் காலை வந்தே தீரவேண்டும் என்று உதவி மானேஜர் ஆள்மூலம் செய்தி. மாலதியை முரளியிடமும் அவன் அம்மாவிடமும் விட்டுவிட்டு, சாமுவேலும் நானும் பஸ்.

ஜெராமில் பஸ் நின்றது. டீக்கடையில் எதிரெதிரே. வருடம் முடிகிறது, போனது என்ன வந்தது என்ன என்று தலை தானாகக் கூட்டிக்கழித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் கேட்டேன். பிப்ரவரியிலேயே கேட்டிருக்க வேண்டியது.

"அன்னைக்குக் கமலம் உன்கிட்ட என்னதான் சொன்னா?"

கிளாசைக் கீழே வைத்தான்.

"வாயு இல்ல வேலு. இருதயம்னு எனக்கு அப்பவே சந்தேகம். கிள்ளான் போகணும்னு சொன்னேன். 'ஆடிட் முடியட்டும், நாளன்னிக்கிப் போறேன்'ன்னா. 'அவருகிட்ட வாயுன்னு சொல்லுங்கண்ணே. பயந்துடுவாரு. பயந்தா நம்ம ரெண்டு பேரையும் ஏசியே கொன்னுடுவாரு'ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. நானும் சிரிச்சேன்."

"நீ சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்."

"இந்த பத்து மாசத்துல ஒரு நாளாவது..."

"சொன்னா அவமேல கோவப்படுவ. செத்தவமேல கோவம் எதுக்கு? எம்மேல இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்."

பொய்யாக இருக்குமோ என்று பார்த்தேன். ஆனால் "ஏசியே கொன்னுடுவாரு" கமலத்தின் வார்த்தை. அவள் குரலே கேட்டது. வேறு யாருக்கும் அது வராது.

மன்னிக்கவில்லை. இருதயம் என்று தெரிந்தவன் வாயைத் திறந்திருக்க வேண்டும். அதில் மாற்றமில்லை. பஸ் ஹார்ன் அடித்தது. டீக்கு யார் காசு கொடுத்தது என்று நினைவில்லை. ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். என் தோள்மேல் தூங்கிவிட்டான், வாய் திறந்து. நான் நகரவில்லை.

வீடு வந்து எழுதுகிறேன். கிளம்பும்போது மாலதி கட்டிலில் இருந்து கையாட்டி, "நல்லாருக்கேன்ப்பா, தைரியமா போங்க" என்றாள். சிரித்துக்கொண்டே, கமலத்தைப் போல.

மாதக் கணக்கு கிடக்கட்டும். விடிந்ததும் முதல் பஸ். சாமுவேலும் வருகிறேன் என்றான். இந்த முறை அவன் மூலமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடாது. நானே பக்கத்தில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், எங்கே வலிக்கிறது என்று கேட்க வேண்டும்.