இல்லாத விரல்கள்

லிந்துலை
11.07.2025

அன்பு மகள் லோஜினிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாகவே இருக்கிறோம், கட்டார் வெயிலில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகன் துணை நிற்கட்டும். இங்கே பத்து நாளாக விடாத மழை, தேயிலைக் கொழுந்து குறைவு, அம்மாவின் காலெல்லாம் அட்டைக்கடி, மற்றபடி குறையில்லை. எழுத்து கோணலாக இருக்கும், இடது கையால் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் பேச்சை மாற்றிவிடுவேன், அதனால்தான் கடிதம்.

ஃபேக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோலரில் என் வலது கை போனது உனக்குத் தெரியும். போன கை வலித்துக்கொண்டே இருந்தது தெரியாது. மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை, ஆனாலும் ஐந்து விரலும் முஷ்டியாக இறுகி, நகம் உள்ளங்கையில் குத்துவது போல வலிக்கும். பைத்தியம் என்று நினைப்பார்களோ என்று நான்கு மாதம் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற கிருஷாந்தி மிஸ்ஸிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும், சிரிக்கவில்லை. இது கனபேருக்கு வாறதுதான் ஐயா, வலிக்குத் தந்த குளிசையை நிப்பாட்டாதேங்கோ, அதோட காலமையில கண்ணை மூடி இருந்து மூச்சைக் கவனியுங்கோ, மூச்சை விடேக்க அந்தக் கையை மெல்ல விரிக்கிற மாதிரி நினையுங்கோ என்றார். அம்மா வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனதும் தினமும் உட்கார்ந்தேன். முதல் இரண்டு வாரம் கால் மரத்ததுதான் மிச்சம். பிறகு ஒன்றைக் கவனித்தேன். மூச்சு அடங்கி விரல் தளருகிற நேரத்தில் பாதையில் செல்லசாமியின் குரல் கேட்டால் போதும், முஷ்டி பழையபடி இறுகிவிடும். ரோலரில் சிக்கிய கொழுந்தை நான் எடுத்துக்கொண்டிருந்தபோது சுவிட்சைப் போட்டவன் அவன். விசாரணையில், சுவிட்சு போட்ட பிறகுதான் இராமையாண்ணன் ரோலருக்குள் கையை விட்டார் என்று சொன்னவனும் அவன்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கே போனேன். அவன் பெண்சாதி சண்முகவடிவு கதவைத் திறந்து என்னைக் கண்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சண்டைக்குப் போகவில்லை. நீ பாத்துட்டுத்தான் சுவிட்சு போட்டியா, அத மட்டும் சொல்லு செல்லசாமி என்றேன். அவன், பாக்கலண்ணே, அவசரத்துல போட்டுட்டேன், வேலை போயிருமுன்னு பயந்து பொய்யும் சொல்லிட்டேங்க என்று என் காலடியில் உட்கார்ந்துவிட்டான். எனக்குக் கோபம் பொங்கியது. நின்றபடியே கண்ணை மூடி நாலைந்து மூச்சு விட்டேன். அப்புறம்தான் அவன் தோளைப் பிடித்து எழுப்ப முடிந்தது. மறுநாள் அவனாகவே தோட்டத்து மேனேஜர் துரையிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டான். வேலையிலிருந்து நிறுத்துவார்களோ என்னவோ, நிறுத்த வேண்டாம் என்று நானும் போய்ச் சொல்லி வந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் உட்கார்ந்தபோது சுண்டுவிரல் முதலில் விரிந்தது, பிறகு ஒவ்வொன்றாக மற்றவை. அழுதுவிட்டேன் மகளே. வலி அடியோடு போய்விட்டது என்று எழுத மாட்டேன், குளிருக்கு வருகிறது, குளிசையும் போடுகிறேன், ஆனால் வந்தால் பயப்படுவதில்லை.

நீயும் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறாய், எழுந்ததும் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பார். இன்னொன்று. என் கை போனதிலிருந்து நீ செல்லசாமியின் மகள் சுதர்ஷினியோடு பேசுவதில்லையாம், சண்முகவடிவு சொல்லி அழுதாள். ஒரே பெஞ்சில் இருந்து படித்த பிள்ளைகள், அவள் என்ன செய்தாள். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம், நாங்கள் போகிறோம். உன் பெயரில் அவளுக்கு ஒரு சேலை எடுக்க வேண்டும் என்று அம்மா நிற்கிறாள், என்ன நிறம் என்றுதான் தெரியவில்லை. அவளுக்குப் போன் பண்ணி நீயே கேட்டுச் சொல்.

எல்லா நலமும் உன்னைத் தேடி வரட்டும்.

உன் அப்பா
இராமையா