மொட்டைமாடிப் பரங்கி

மார்ச் 2
காலிச் சிமெண்டுச் சாக்கு மூன்று, லேக் மார்க்கெட்டிலிருந்து பரங்கி விதை ஒரு பொட்டலம். நாலாம் மாடிக்கு மண் தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பத்தாவதில் சயன்ஸில் தட்டுத் தடுமாறிப் பாசானவன் விவசாயம் பண்ணுகிறேன்.

எதற்கு என்று மனைவி சௌந்தரம் கேட்கவில்லை. ஐந்தாம் மாதத்தில் குழந்தை கலைந்து, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்களிடம் வந்த மகள் பிரியம்வதா அறையை விட்டு வெளியே வருவதில்லை. பேச்சில்லை, சோறில்லை, அழுகைகூட இல்லை. துர்காபூரிலிருந்து மாப்பிள்ளை போன் செய்தால் அதுபாட்டுக்கு அடித்து ஓய்கிறது. சின்ன வயதில் பரங்கிப்பூ பஜ்ஜி என்றால் உயிரை விடுவாள். இந்த ஊர்ப் பெங்காலிப் பிள்ளைகளோடு வளர்ந்த பெண்ணல்லவா. பூத்தால் சாப்பிடுவாள் என்று ஒரு கணக்கு. நான் போட்ட கணக்கு எது சரியாக வந்தது?

மார்ச் 10
முளைத்துவிட்டது. அவள் கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். கதவு கேட்டுக்கொண்டது.

ஏப்ரல் 13
பூ! கீழ்வீட்டு பெங்காலிக்காரி எனக்கு பௌதி, அதாவது அண்ணி; நான் அவளுக்கு தாதா, அண்ணன். பெங்காலியில் பாடம் எடுத்தாள்: "தாதா, ஆண் பூவைப் பறிங்க. அடியில பிஞ்சு இருக்கறது பெண் பூ, அதைத் தொடாதீங்க." மனப்பாடம் செய்துகொண்டேன்.

பிரியம்வதா பாதி பஜ்ஜி சாப்பிட்டாள். பாதி! சௌந்தரம் சமையலறைக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 20
ஆண் பூ ஒன்று விடாமல் பறிக்கிறேன். தட்டு அப்படியே திரும்பி வருகிறது. பஜ்ஜியை நான் தின்று நெஞ்செரிச்சல்.

ஏப்ரல் 26
பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்ந்து கிடந்தது. மாடிப்படியில் நின்றே கத்தினேன். "சௌந்தரம், அத்தனை பிஞ்சும் விழுந்துடுச்சுடி! ஒண்ணுகூட நிக்கல!"

இறங்கி வந்தால் சௌந்தரம் பிரியம்வதாவின் கதவைக் காட்டினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

என்ன சொல்லித் தொலைச்சேன் நான்? யார் காதுல விழ? பெத்தவன் பேசற பேச்சா இது — இந்த வாயை நான் ஓட்டும் கிரேனில் கட்டிக் கிடர்பூர் துறைமுகத் தண்ணீரில் இறக்கினால்கூடப் போதாது.

ஏப்ரல் 27
பௌதி தலையில் அடித்துக்கொண்டாள். "எல்லா ஆண் பூவையும் நீங்களே தின்னுட்டா பெண் பூ என்ன பண்ணும், தாதா?" ஒன்றிரண்டை விட்டுவைக்க வேண்டுமாம். இவ்வளவு உயரத்துக்குத் தேனீயும் வராதாம். காலையில் விரிந்ததும் ஆண் பூவின் இதழைக் கிழித்து, நடுத்தண்டைப் பெண் பூவுக்குள் நாமே தடவ வேண்டும். வெயில் ஏறினால் பூ மூடிவிடும்.

பாதிப் பாடத்தோடு பரீட்சைக்குப் போவது எனக்குப் புதிதில்லை.

மே 5
காலை ஷிப்ட். கிளம்பும்போது பூ விரிந்திருப்பதில்லை, திரும்பும்போது மூடிக்கிடக்கிறது. சௌந்தரத்துக்கு முழங்கால் வலி, படியேற முடியாது. கொடி என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

கதவிடம் போய்ச் செய்முறையைச் சொன்னேன். "நாளைக்கு ஒண்ணு விரியும்மா. அப்பா இருக்கமாட்டேன்."

எதற்குச் சொன்னேன்? ஏற்கெனவே வெந்த புண்.

மே 6
பெண் பூவின் பக்கத்தில் இதழ் கிழித்த ஆண் பூ கிடந்தது.

"அவதான்," என்றாள் சௌந்தரம், குரலைத் தாழ்த்தி. "செருப்புகூடப் போடாம ஏறினா. நீங்க எதையாவது கேட்டு வைக்காதீங்க."

கேட்கவில்லை.

மே 9
பிஞ்சு எலுமிச்சம்பழ அளவு. தினமும் அவள் போய்ப் பார்க்கிறாளாம். நிற்காவிட்டால்?

மே 13
நிற்கவில்லை.

வேலையிலிருந்து வந்தபோது பிரியம்வதா கூடத்தில் நின்றிருந்தாள். உள்ளங்கையில் அது, மஞ்சளாகி, காம்பு அழுகி.

"நான் சரியாத்தான்பா செஞ்சேன்," என்றாள். "நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன். அப்பவும் விழுந்துடுச்சு."

"ஒன்மேல ஒரு தப்பும் இல்லம்மா."

அவ்வளவுதான் சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்து, வீடே அதிர, வாய்விட்டு அழுதாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இன்றைக்குத்தான் அழுகிறாள். தேற்றப் போன சௌந்தரத்தின் கையைப் பிடித்து நிறுத்தினேன். அழட்டும். டிபன் கேரியரைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தேன்.