மூன்று ஜோடிச் செருப்பு

கர்த்தருக்குள் அன்பானவரும் என் கோபத்துக்கு உரியவருமான உங்களுக்கு,

நீங்கள் வெளியூர் வேலையில் இருக்கும் நேரம் பார்த்து, தத்தெடுப்பு அதிகாரியம்மா இன்று வீடு பார்க்க வந்தார். வெயிலில் வந்தவர் உட்காரக்கூட இல்லை, விடுமுறையில் வாய் ஓயாத நம் மகள் ஆரம்பித்துவிட்டாள்: "தினமும் ஜெபத்துல தம்பியோ தங்கச்சியோ கேக்கறேன் ஆன்ட்டி. ஆண்டவர் இன்னும் முடிவு பண்ணல."

போன முறை தத்துக்கு வரவிருந்த பிள்ளை கைநழுவிப் போனதும், "கையெழுத்து ஆகற வரைக்கும் ஒரு பொம்மைகூட வாங்கக் கூடாது" என்று சட்டம் போட்டது யார்? நானும் பல்லைக் கடித்துக்கொண்டு கடைப்பக்கமே போகவில்லை.

கூரான சாமான் பிள்ளை கைக்கு எட்டுமா என்று பார்க்க, அதிகாரியம்மா உங்கள் ஸ்பேனர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே குட்டிச் செருப்புகள்! எந்த வயதுப் பிள்ளை வரும் என்று தெரியாமல் மூன்று அளவில் மூன்று ஜோடி. திருட்டு மனுஷா! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். வாசலில் விடைபெறும்போதுதான் மெல்லச் சொன்னார்.

"அந்த நடு ஜோடியை வெளிய எடுத்து வைங்கம்மா. சரியா இருக்கும்."

லீவு சொல்லிவிட்டு ஓடி வாருங்கள்.

ஒரு பொம்மைகூட வாங்காத
உங்கள் மனைவி